மேக்கில் செய்த பழைய கோப்புகளை விண்டோஸில் திறப்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக இதுதான். இலங்கையில், திருகோணமலை உப்புவெளியில் இருக்கும் ஒரு தம்பிக்கு அவருடைய லண்டன் பெரியப்பா ஒரு பென் டிரைவ் கொடுத்து அனுப்பியிருக்கிறார். 90களின் பிற்பகுதியில் அங்குள்ள பழைய மாணவர்கள் வெளியிட்ட ஆண்டு மலரின் கோப்புகள் அதில் இருக்கின்றன. மலரை வடிவமைத்தது அந்தக் காலத்து ஆப்பிள் மேக் கணினியில். இங்கே விண்டோஸ் மடிக்கணினியில் போட்டால் ஒன்றும் திறக்கவில்லை. சில பெயர்கள் எச்.கியூ.எக்ஸ் என்று முடிகின்றன, சில எஸ்.ஐ.டி என்று முடிகின்றன. சிலவற்றுக்குப் பின்னொட்டே கிடையாது. எழுத்துரு போல்டரில் இருப்பவை அத்தனையும் 0 பைட். கடையில் காட்டியபோது, "எல்லாம் கரப்ட், போர்மட் பண்ணித் தரவா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

போர்மட் பண்ணக் கொடுத்துவிடாதீர்கள் தம்பி. நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் பெரும்பாலான கோப்புகள் நன்றாகவே இருக்கின்றன. விண்டோஸுக்கு அவற்றைத் தெரியாது, அவ்வளவுதான். தெரியாத கோப்பையும் பழுதான கோப்பையும் விண்டோஸ் ஏறக்குறைய ஒரே மாதிரியான செய்தியால்தான் சொல்லும். அதனால்தான் இப்படிப் பல ஊர் மலர்களும் சங்கக் கணக்குகளும் வீணாக அழிக்கப்படுகின்றன. எனக்கு இதில்தான் மனவருத்தம்.

முதலில் பென் டிரைவில் உள்ள எல்லாவற்றையும் அப்படியே கணினியில் ஒரு போல்டருக்குக் கொப்பி பண்ணுங்கள். இனி வேலை எல்லாம் அந்தப் பிரதியில். பென் டிரைவைக் கழற்றிப் பத்திரமாக வையுங்கள். கொப்பி பண்ணும் முன் மறைந்திருக்கும் கோப்புகளும் தெரியும்படி விண்டோஸில் மாற்றிக்கொள்ளுங்கள். புள்ளியும் அடிக்கோடும் சேர்ந்து தொடங்கும் பெயர்கள் கண்ணில் பட்டால் அவற்றைக் குப்பை என்று அழிக்க வேண்டாம். அவை ஏன் முக்கியம் என்று கீழே சொல்கிறேன். எந்தக் கோப்பையாவது நோட்பேடிலோ வேர்டிலோ திறந்து பார்த்தால், மூடும்போது "சேமிக்கவா?" என்று கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். பைனரிக் கோப்பு, அதாவது வெறும் உரையல்லாத கோப்பு ஒன்றை நோட்பேடில் திறந்து ஒரு தடவை சேமித்தாலே போதும், அப்போதுதான் அது உண்மையிலேயே கெடும்.

அப்புறம், பெயரைப் பார்த்து முடிவெடுப்பதை விட்டுவிடுங்கள். பின்னொட்டு என்பது யாரும் எப்படியும் மாற்றக்கூடியது. அதோடு, பழைய மேக்கில் பின்னொட்டு தேவையே படவில்லை. ஒவ்வொரு கோப்புக்கும் நான்கு எழுத்தில் ஒரு வகைக் குறியும், அதை உருவாக்கிய மென்பொருளுக்கு நான்கு எழுத்தில் இன்னொரு குறியும் வட்டின் பட்டியலிலேயே பதிவாகியிருக்கும். கோப்பு அந்த வட்டை விட்டு வெளியே வந்ததும் அந்தக் குறிகள் உதிர்ந்துவிடும். உங்களிடம் பின்னொட்டில்லாமல் கிடப்பவற்றுக்குக் காரணம் இதுதான்.

நம்ப வேண்டியது கோப்பின் முதல் சில எழுத்துகளை. நோட்பேட் பிளஸ் பிளஸ் என்ற இலவச மென்பொருள் போதும். இன்னும் வடிவாகப் பார்க்க வேண்டுமென்றால் கோப்பின் ஒவ்வொரு பைட்டையும் அப்படியே காட்டும் எச்.எக்ஸ்.டி என்ற ஹெக்ஸ் பார்வையாளரைப் போட்டுக்கொள்ளுங்கள், அதுவும் இலவசம். திறந்ததும் தலைப்பக்கத்தில் பி, கே என்று இரண்டு பெரிய ஆங்கில எழுத்துகள் தெரிந்தால் அது ஸிப் கோப்பு. அந்த வடிவத்தை உருவாக்கிய பில் கட்ஸ் என்பவரின் பெயரின் முதலெழுத்துகள் அவை. சதவீதக் குறியும் பி.டி.எஃப் எழுத்துகளும் இருந்தால் பி.டி.எஃப். சதவீதக் குறி, ஆச்சரியக் குறி, பி.எஸ் என்றிருந்தால் அச்சுக்கூடங்கள் பாவிக்கும் போஸ்ட்ஸ்கிரிப்ட். எஸ்.ஐ.டி எழுத்துகளும் ஆச்சரியக் குறியும், அல்லது ஸ்டஃப்இட் என்ற பெயரே ஆங்கிலத்தில் முழுதாக இருந்தால், அது மேக்காரர்கள் பாவித்த சுருக்கக் கோப்பு. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலையும் இல்லை. 'ஃபைல்' என்ற கட்டளை முதல் பைட்டுகளைப் படித்து என்ன வகை என்று தானே சொல்லிவிடும்.

இனி உங்கள் எச்.கியூ.எக்ஸ் கோப்பு. அதை நோட்பேட் பிளஸ் பிளஸில் திறந்து பாருங்கள். மேலே, இந்தக் கோப்பை பின்ஹெக்ஸ் 4.0 கொண்டு மாற்ற வேண்டும் என்ற பொருளில் அடைப்புக்குறிக்குள் ஓர் ஆங்கில வரி இருக்கும். அதன் கீழே ஒரு முக்காற்புள்ளி, அதிலிருந்து வரிக்கு 64 எழுத்தாக அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளும் குறிகளும் ஓடும். கடைசியில் மறுபடி ஒரு முக்காற்புள்ளி. இந்த மூன்றும் இருந்தால் கோப்பு முழுதாக வந்திருக்கிறது என்று ஓரளவு நிம்மதி அடையலாம்.

இப்படி ஏன் செய்தார்கள்? அந்தக் காலத்து மின்னஞ்சல் வழிகள் பல, சாதாரண ஆங்கில எழுத்துகளை மட்டும்தான் சேதமில்லாமல் கொண்டுசேர்த்தன. படமோ எழுத்துருவோ நேராக அனுப்பினால் வழியில் சிதைந்துவிடும். ஆகவே 3 பைட்டை 4 எழுத்தாக மாற்றி, வெறும் உரை மாதிரி அனுப்பினார்கள். பின்ஹெக்ஸில் எனக்குப் பிடித்தது, அது சரிபார்ப்பு எண்களையும் உள்ளே வைத்திருப்பது. தலைப்புக்கு ஒன்று, கோப்பின் இரண்டு பாகங்களுக்கும் ஒவ்வொன்று. அவிழ்க்கும்போது எங்காவது ஓர் எழுத்து மாறியிருந்தாலும் மென்பொருளுக்குத் தெரிந்துவிடும். ஆகவே பிழைச் செய்தி இல்லாமல் அவிழ்ந்தால், 25 வருடத்துக்கு முன் அனுப்பியவர் வைத்திருந்த அதே கோப்புத்தான் உங்கள் கையில் இருக்கிறது. பிழை சொன்னால், பெரும்பாலும் யாரோ மின்னஞ்சலிலிருந்து வெட்டி ஒட்டியிருப்பார்கள். வரித் தொடக்கத்தில் கூடுதலாக ஏறிய அம்புக்குறிகளோ நடுவில் புகுந்த மின்னஞ்சல் தலைப்புகளோ இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, பிரதியில் அவற்றை நீக்கிவிட்டு மறுபடி முயலுங்கள்.

அவிழ்த்தால் உள்ளே அநேகமாக எஸ்.ஐ.டி கோப்பு ஒன்று வரும். லண்டன் பார்சலைப் பிரித்தால் உள்ளே இன்னொரு பெட்டி இருப்பது போலத்தான். முதலில் ஸ்டஃப்இட்டில் சுருக்கி, பிறகு பின்ஹெக்ஸில் சுற்றி அனுப்புவதே அன்றைய வழக்கம். வெளியில் இருந்து உள்ளே ஒவ்வொன்றாகத்தான் போக வேண்டும். ஸ்டஃப்இட்டை 1987இல் எழுதியவர் ரேமண்ட் லாவ், அப்போது அவர் நியூயோர்க்கில் உயர்நிலைப் பள்ளி மாணவர். மேக் உலகம் முழுக்க அதன்பின் பல வருடம் அதைத்தான் பாவித்தது. விண்டோஸ் உலகம் ஸிப் பக்கம் போய்விட்டதால் இங்கே யாரும் அதைக் கண்டதில்லை. உங்கள் கடைக்காரர் போட்டுப் பார்த்த வின்ரார், செவன்-ஸிப் இரண்டுக்கும் ஸ்டஃப்இட் தெரியாது. அவை கையை விரித்தால் கோப்பு பழுது என்று அர்த்தமில்லை.

இரண்டையும் ஒன்றாக அவிழ்க்க நான் சொல்வது 'அன்ஆர்' என்ற சிறிய இலவசக் கருவி. மேக்கில் 'தி அன்ஆர்க்கைவர்' என்ற பெயரில் வரும் செயலியின் கட்டளை வடிவம் அது. விண்டோஸுக்கும் கிடைக்கிறது. உபுண்டுவில் வழக்கமான மென்பொருள் களஞ்சியத்திலேயே இருக்கிறது. யு, என், ஏ, ஆர் என்று நான்கு சிறிய எழுத்தில் கட்டளையைத் தட்டி, இடைவெளி விட்டு, கோப்பின் பெயரைக் கொடுத்தால் போதும். முதலில் எல், எஸ், ஏ, ஆர் என்ற அதன் துணைக் கட்டளையால் உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியல் எடுத்துப் பாருங்கள், பிறகு அவிழுங்கள்.

0 பைட் எழுத்துருக்கள்தான் இதில் கவலையான இடம். பழைய மேக்கில் ஒரு கோப்புக்கு இரண்டு பாகம் உண்டு: தரவுப் பாகம் ஒன்று, வளப் பாகம் இன்னொன்று. ஆவணத்தின் உள்ளடக்கம் பெரும்பாலும் தரவுப் பாகத்தில் இருக்கும். எழுத்துருக்களோ முழுக்க முழுக்க வளப் பாகத்தில் இருந்தன. விண்டோஸுக்கும் சாதாரண பென் டிரைவுக்கும் தெரிந்தது தரவுப் பாகம் மட்டும். ஆகவே மேக்கிலிருந்து நேரடியாக இழுத்துப் போட்டால் எழுத்துருவின் பெயர் வரும், உள்ளே ஒன்றும் இராது. நான் மேலே அழிக்க வேண்டாம் என்ற, புள்ளியும் அடிக்கோடும் கொண்ட பெயர்கள் இங்கேதான் உதவும். புதிய மேக் கணினிகள் வெளி வட்டுக்குக் கொப்பி பண்ணும்போது வளப் பாகத்தை அப்படி ஒரு துணைக் கோப்பாக எழுதி வைக்கும். மேக்கில் செய்த ஸிப்பை இங்கே பிரித்தால் கூடவே வரும் மேக் பெயர் போட்ட தனிப் போல்டரும் அதே சங்கதிதான். உங்கள் பென் டிரைவில் அந்தத் துணைக் கோப்புகள் இருந்தால் எழுத்துரு உயிரோடு இருக்கிறது. இல்லையென்றால் எச்.கியூ.எக்ஸ், எஸ்.ஐ.டி கோப்புகளுக்குள் தேடுங்கள். அவை இரண்டு பாகத்தையும் சேர்த்துக் காப்பாற்றும்படிதான் செய்யப்பட்டவை. அன்ஆர் அவிழ்க்கும்போது வளப் பாகத்தைத் தனிக் கோப்பாகப் பக்கத்திலேயே வைத்துவிடும். ஃபொன்ட்ஃபோர்ஜ் என்ற இலவச மென்பொருளோ பின்ஹெக்ஸில் இருக்கும் மேக் எழுத்துருவை நேராகவே திறந்து, விண்டோஸில் போடக்கூடிய வடிவில் எழுதித் தரும்.

இனி பின்னொட்டில்லாத பெரிய கோப்புகள். அந்தக் காலத்து மேக்கில் மலர் செய்தவர்கள் அநேகமாக குவார்க் எக்ஸ்பிரஸ் அல்லது பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளைப் பாவித்திருப்பார்கள். குவார்க் என்றால் எச்.எக்ஸ்.டியில் முதல் இரண்டு வெற்று பைட்டுகளுக்குப் பிறகு எம், எம், எக்ஸ், பி, ஆர் என்று தெரியும். எம் எம் என்பது மோட்டரோலா சிப் கொண்ட மேக்கில் செய்தது. விண்டோஸில் செய்த குவார்க் கோப்பில் அந்த இடத்தில் இன்டெலைக் குறிக்கும் ஐ, ஐ இருக்கும். இப்படி ஐந்து எழுத்தில், எந்த மென்பொருள், எந்தக் கணினி இரண்டும் தெரிந்துவிடுகிறது. திறப்பதற்குப் பணம் கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். 2018இல் வந்த லிப்ரேஆபீஸ் 6.0 தொடக்கம் பழைய குவார்க் 3, 4 பதிப்புகளின் கோப்புகளை அதன் டிரா பகுதி திறக்கும். பேஜ்மேக்கர் கோப்புகளையும், கிளாரிஸ்வேர்க்ஸ், மேக்ரைட் போன்ற மறந்துபோன மேக் எழுத்துச் செயலிகளின் கோப்புகளையும் அது படிக்கும். பக்க அமைப்பு அச்சு அசலாக வராது, படங்கள் இடம் மாறும். ஆனால் கட்டுரைகளின் உரை கிடைத்துவிடும். மலரில் நமக்கு வேண்டியது முதலில் அதுதானே.

உரை கிடைத்ததும் இன்னொரு பூட்டு. தமிழ் தெரியாது, ஆங்கிலக் கிறுக்கல் மாதிரி இருக்கும். யூனிகோட் பரவுவதற்கு முன் தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருந்தன. நம் நாட்டில் பலருக்குப் பழக்கமான பாமினியில் 'தமிழ்' என்ற சொல்லின் உண்மையான பதிவு ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. எழுத்துரு இல்லாத கணினியில் அந்த ஐந்தும்தான் தெரியும். உரையில் சிறிய ஜே, கே, பி, அரைப்புள்ளி எல்லாம் நெருக்கமாக அடிக்கடி வந்தால் பாமினி வகை என்று சந்தேகப்படுங்கள். ஒரு பந்தியை எடுத்து 'பொங்குதமிழ்' மாற்றியில் போட்டு, பாமினி என்று தெரிவு செய்து பாருங்கள். தமிழாக வந்தால் சரி. வராவிட்டால் டிஸ்கி, டாப், டாம் என்ற மற்றப் பழைய தமிழ்க் குறியீட்டு முறைகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கலாம்.

மேக்கில் செய்தவற்றுக்கு மட்டும் ஒரு சிக்கல் கூடுதலாக உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. ஆங்கில விசைகளில் இருக்கும் எழுத்துகள் எந்தக் கணினியிலும் ஒன்றே. ஆனால் எழுத்து அட்டவணையில் 128 முதல் மேலே உள்ள இடங்களை மேக்கும் விண்டோஸும் வெவ்வேறு விதமாக நிரப்பியிருந்தன. எழுத்துரு அந்த மேல் இடங்களையும் பாவித்திருந்தால், உரையின் பெரும்பகுதி சரியாக மாறும், சில உயிர்மெய்கள் மட்டும், எப்போதும் அதே எழுத்துகள் மட்டும், பிழையாக வரும். அப்படி ஓர் ஒழுங்கோடு வரும் பிழையைக் கண்டால், வெறும் உரைக் கோப்பை லிப்ரேஆபீஸில் குறியீட்டைத் தெரிவு செய்து திறக்கும் வழியில் திறந்து, மேற்கு ஐரோப்பா என்ற பிரிவில் ஆப்பிள் மெக்கின்டோஷ் என்பதைக் கொடுங்கள். பிறகு மாற்றியில் போடுங்கள். எந்த மாற்றிக்கும் தெரியாத எழுத்துரு என்றால், மேலே காப்பாற்றிய அந்த எழுத்துருவே சாவி. அதைப் போட்டுக்கொண்டு பி.டி.எஃப் ஆக்கிவிடுங்கள், மாற்று அட்டவணையைப் பிறகு ஆறுதலாகத் தயாரிக்கலாம்.

முழு உரையும் ஒரே நீள வரியாக வந்தால் பயப்பட வேண்டாம். பழைய மேக் வரி முடிவுக்கு ஒரு குறியையும், யூனிக்ஸ் இன்னொரு குறியையும், விண்டோஸ் அந்த இரண்டையும் சேர்த்தும் பாவிக்கின்றன. 2018க்குப் பிந்திய விண்டோஸ் நோட்பேட் மூன்றையும் புரிந்துகொள்ளும்.

உங்கள் பென் டிரைவில் இல்லாவிட்டாலும் இதே மாதிரி வேறு கோப்புகள் வேறு ஆட்களுக்கு வந்துகொண்டிருப்பதால் அவற்றையும் சொல்லிவிடுகிறேன். பிகின் என்ற ஆங்கிலச் சொல்லும் 644 என்ற எண்ணும் கோப்புப் பெயரும் முதல் வரியில் இருந்து, அடுத்த வரிகள் எல்லாம் எம் என்ற பெரிய எழுத்தில் தொடங்கினால் அது யூனிக்ஸில் இருந்து வந்த யுயுஎன்கோட், பின்ஹெக்ஸ் போலவே கோப்பை உரையாக மாற்றும் முறை. 644 என்பது கோப்பை யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்ற யூனிக்ஸ் அனுமதி. எம் வருவது ஒவ்வொரு முழு வரியும் 45 பைட் கொண்டது என்பதற்கான குறி. எச்.எக்ஸ்.டியில் பார்க்கத் தேவையில்லாமல் வெறும் எழுத்தாக ஓடும் இன்னொன்று பேஸ்64. அதன் தொடக்கம் சாய்கோடு, 9, ஜே, சாய்கோடு என்றிருந்தால் உள்ளே இருப்பது ஜேபெக் படம். ஜே, வி, பி, ஈ, ஆர் என்று தொடங்கினால் பி.டி.எஃப். இதை அவிழ்க்க இணையத்தில் நூறு தளங்கள் இருக்கின்றன. ஆனால் அடையாள அட்டை, காணி உறுதி, வங்கிக் கடிதம் போன்றவற்றை முன்பின் தெரியாத தளத்தில் ஏற்றாதீர்கள். விண்டோஸிலேயே உள்ள 'செர்ட்யுட்டில்' கட்டளை அந்த வேலையைச் செய்யும்.

தலையில் சாய்கோடு போட்ட சிறிய ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், இந்த இரண்டும் திரும்பத் திரும்ப வருவதைப் பலர் கண்டிருப்பீர்கள். அது நல்ல யூனிகோட் தமிழ். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட், முதல் இரண்டும் பெரும்பாலும் ஒன்றே என்பதால் அப்படித் தெரிகிறது. குறியீட்டை யுடிஎஃப்-8 என்று மாற்றித் திறந்தால் போதும். எக்ஸெலில் என்றால் கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், தரவு என்ற பிரிவில் உள்ள உரையிலிருந்து இறக்கும் வழியைப் பாவித்து 65001 என்ற குறியீட்டைத் தெரிவு செய்யுங்கள்.

திருமலைக்காரர்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டியது ஒன்று. மேக்கில் 'திருகோணமலை' என்று பெயரிட்ட கோப்பு இங்கே வந்ததும், அதே பெயரைத் தட்டித் தேடினால் சிலவேளை கிடைக்காது. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. காரணம் 'கோ'. நாம் விண்டோஸில் தட்டும்போது அதன் ஓகாரக் குறி ஒரே குறியீடாகப் பதிவாகிறது. மேக்கின் எச்.எஃப்.எஸ் பிளஸ் என்ற வட்டு முறை அதைப் பிரித்து, ஏகாரக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டாக எழுதி வைக்கும். ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் மூன்றுக்கும் இதே கதை. கோணேஸ்வரம், கோட்டை, கொட்டியாரம் எல்லாம் மாட்டும். அப்படிப்பட்ட கோப்புகளுக்கு விண்டோஸில் ஒருதடவை புதிதாகப் பெயர் தட்டிவிடுங்கள், பிறகு தேடல் வேலை செய்யும்.

கடைசியாக, பெரியப்பாவிடம் கேளுங்கள். அந்தப் பழைய மேக்கோ வட்டுகளோ இன்னும் அவரிடம் இருந்தால் எறிய வேண்டாம் என்று இன்றே சொல்லுங்கள். அந்த வட்டுகளை இங்கே விண்டோஸில் போட்டால் போர்மட் பண்ண வேண்டும் என்றுதான் திரையில் வரும், மறுத்துவிட வேண்டும். இன்றைய மேக்கும் உதவாது, 2019இல் வந்த கடலினா பதிப்போடு ஆப்பிள் அதற்கும் முந்திய எச்.எஃப்.எஸ் என்ற பழைய வட்டு முறையைப் படிப்பதை நிறுத்திவிட்டது. 800 கிலோபைட் மேக் பிளாப்பிகளைச் சாதாரண பிசி டிரைவ் படிக்கவே முடியாது. ஆகவே பழைய கணினி அங்கே ஓடும் நிலையில் இருந்தால், கோப்புகளை இழுத்துப் போடாமல், போல்டர் போல்டராக ஸ்டஃப்இட்டில் சுருக்கி, சுருக்கிய கோப்பை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். எழுத்துருக்கள் அப்போது 0 பைட்டாக வராது. நீங்கள் இதற்கிடையில் அந்த எச்.கியூ.எக்ஸ் கோப்புகளை அவிழ்த்துப் பாருங்கள். அன்ஆர் ஏதாவது பிழை சொன்னால், அந்தச் செய்தியையும் கோப்பின் முதல் ஐந்து வரிகளையும் அப்படியே எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.